இரண்டு பூச்சி மருந்து

சண்முகசுந்தரியின் குரோட்டன்ஸ் செடிக்கு நரை விழுந்திருந்தது.

இலைக்கு அடியில், காம்பு இடுக்கில், குருத்தில் என்று எங்கே பார்த்தாலும் வெள்ளை வெள்ளையாய்ப் பஞ்சு ஒட்டியிருந்தது. ஈர்க்குச்சியால் நோண்டிப் பார்த்தாள். பஞ்சு மெதுவாக நகர்ந்தது. "அய்ய!" என்று குச்சியைக் கீழே போட்டாள். அது பஞ்சு இல்லை, மாவுப்பூச்சி.

ஐந்தாம் வகுப்பு யூனிஸ் டீச்சர் ஆளுக்கொரு செடி கொடுத்திருந்தார். வீட்டுக்குள் ஜன்னலோரம் வைத்து வளர்த்து, வருகிற திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவர வேண்டும். "செடியைச் சாகடிச்சிட்டு வர்றவங்க என் முகத்துல முழிக்கக் கூடாது" என்று வேறு சொல்லியிருந்தார். சுந்தரிக்கு யூனிஸ் டீச்சரை ரொம்பப் பிடிக்கும்.

அப்பா குற்றாலலிங்கம் வயலுக்கு மருந்தடிக்கும் வேலைக்குப் போகிறவர். சேரன்மகாதேவியைச் சுற்றி எந்த வயலில் இலைச்சுருட்டுப் புழு விழுந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். மருந்து டாங்கை முதுகில் மாட்டி, வாயில் துண்டைச் சுற்றிக்கொண்டு நாள் முழுக்கச் சேற்றில் நடப்பார். வாய்க்காலில் இறங்கி மேலெல்லாம் சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்த பிறகுதான் வீட்டுப் படி ஏறுவார். அதற்கு முன்னால் பிள்ளைகள் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டால் அம்மா அலறுவாள். சில நாள் குளித்த பிறகும் அவருக்குத் தலை சுற்றும். சோறு இறங்காது. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார்.

"எப்பா, என் செடிக்கு அந்த மருந்துல துளிபோலக் கொண்டாங்களேன்."

"அது வீட்டுக்குள்ள வரப்பிடாது."

"ஒரே ஒரு துளிப்பா."

"ஏட்டி, வயித்துப் பாட்டுக்கு நான் மோந்துக்கிட்டுத் திரியுதேன். நீயும் மோக்கணுமா? போடி."

வியாழக்கிழமை சாயங்காலம் அப்பாவுக்குக் காப்பி எடுத்துக்கொண்டு பம்புசெட்டுக்குப் போனாள். அவர் வாய்க்காலில் குளித்துக்கொண்டிருந்தார். பம்புசெட் அறைக் கதவு திறந்து கிடந்தது. மூலையில் மருந்து பாட்டில் நின்றது. பாவாடை இடுப்பில் செருகியிருந்த பழைய டானிக் பாட்டிலை எடுத்தாள். இரண்டு மூடி ஊற்றிக்கொண்டாள்.

வீட்டில் தண்ணீர் கலந்ததும் அது பால் மாதிரி வெளுத்தது. அப்பா இருக்கும்போது தெளித்தால் வாடையிலேயே கண்டுபிடித்துவிடுவார். நாளைக்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தெளிக்கலாம் என்று மூடியை இறுக்கி, மாடக்குழியில் கண்ணாடிக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத் திரும்பினால், நாலு வயதுத் தம்பி பாபநாசம் நின்றுகொண்டிருந்தான்.

"அது என்னதுக்கா?"

"பூச்சி மருந்து. தொட்டே, கைய ஒடிச்சிருவேன்."

"செரி" என்று கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை காலையில் அம்மா பிரம்மநாயகி களையெடுக்கப் போகும் அவசரத்தில் இருந்தாள். பக்கத்து வீட்டு ஜமீலா பீவி பீடி சுற்றுகிறவர். பகலெல்லாம் பாபநாசம் அவரிடம்தான் இருப்பான்.

"எக்கா, நேத்து நர்சம்மா வந்து பூச்சி மருந்து குடுத்துட்டுப் போனா. மத்தியானம் அவன் சோறு தின்னதும் ஒரு கரண்டி ஊத்திவிட்டிருங்க."

"எங்கன இருக்கு?" என்று ஜமீலா பீவி கேட்பதற்குள் அம்மா தெருமுனையைத் தாண்டிவிட்டாள்.

இதெல்லாம் சுந்தரியின் காதில் விழத்தான் செய்தது. மனசுதான் மாடக்குழியில் இருந்தது.

மதிய மணி அடிக்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது யூனிஸ் டீச்சர் சாக்பீசைக் கீழே வைத்தார்.

"திங்கட்கிழமை நர்ஸ் வர்றாங்க. எல்லாருக்கும் பூச்சி மருந்து உண்டு. யாரும் லீவு போடக் கூடாது."

சுந்தரி எழுந்தாள். "நம்ம செடிக்கா டீச்சர்?"

"செடிக்கு எதுக்கு? உன் வயித்துல இருக்கிற பூச்சிக்கு. குடிக்கணும்."

வகுப்பே சிரித்தது. "ஏளா, ஒன் வயித்துல குரோட்டன்ஸ் மொளச்சிருக்கா?" என்றாள் ஒருத்தி.

சுந்தரி சிரிக்கவில்லை. குடிக்கணும். பூச்சி மருந்து குடிக்கணும். சோறு தின்னதும் ஒரு கரண்டி.

ஜமீலா பீவிக்கு மருந்து இருக்கும் இடம் தெரியாது. யாரிடம் கேட்பார்? பாபநாசத்திடம்தான் கேட்பார். அவன் எதைக் காட்டுவான்?

அவள் வரிசையை விட்டு முன்னால் போனாள்.

"டீச்சர், நான் வீட்டுக்குப் போவணும். எங்க தம்பி..." பதிலுக்குக் காத்திருக்காமல் ஓடினாள். பின்னால் டீச்சர் கூப்பிட்டது எங்கேயோ தூரத்தில் கேட்டது.

இரண்டு தெரு, ஒரு வாய்க்கால் பாலம், அப்புறம் ஒரு முடுக்கு. தினமும் நடக்கிற தூரம்தான். இன்றைக்கு யாரோ பிடித்து இழுத்து நீட்டியது போல இருந்தது. பாபநாசம் மெதுவாகத்தான் தின்பான். ஒவ்வொரு உருண்டையையும் எறும்புக்குக் காட்டிவிட்டுத்தான் வாயில் வைப்பான். எல்லோரும் அதற்காக அவனைத் திட்டுவார்கள். இன்றைக்கு மட்டும் இன்னும் மெதுவாகத் தின்னுலே. மோர் கேளு. அப்பளம் கேளு. அடம்பிடி. உருண்டு புரண்டு அழு.

பாலத்தில் கால் இடறி விழுந்து முட்டித் தோல் பெயர்ந்தது. எழுந்து ஓடினாள்.

வாசலுக்கு வரும்போதே சத்தம் கேட்டது.

"நாறுது! வேண்டாம்! நாறுது!"

"மருந்துன்னா நாறத்தான்லே செய்யும். பீடித் தூளை மோந்து மோந்து மாமிக்கு மூக்கே செத்துப்போச்சு. எனக்கு ஒண்ணும் நாறலியே. வாயத் தொறங்க, ராசால்லா..."

ஜமீலா பீவி அவனை மடியில் இடுக்கி மூக்கைப் பிடித்திருந்தார். மூச்சு முட்டிய பாபநாசம் வாயைத் திறந்தான். கரண்டி உதட்டுக்குப் போனது.

"குடுக்காதீங்க மாமீ!"

சுந்தரி பாய்ந்து கரண்டியைத் தட்டினாள். அது சுவரில் மோதி விழுந்தது. வெள்ளைத் தண்ணீர் அவன் நாடியிலும் நெஞ்சிலும் தெறித்தது.

"அது வயலுக்கு அடிக்கிற மருந்து மாமி! நான்தான் ஒளிச்சு வச்சேன்!"

"யா அல்லா!" ஜமீலா பீவிக்கு முகம் வெளுத்துப்போயிற்று. கை கால் ஓடவில்லை.

சுந்தரிக்கு அப்பா வாய்க்காலில் குளிப்பது கண்ணில் வந்தது. தம்பியின் சட்டையைக் கழற்றி எறிந்தாள். பார் சோப்பை எடுத்து நாடி, கழுத்து, நெஞ்சு எல்லாம் தேய்த்தாள். "மாமி, தண்ணி ஊத்துங்க! உங்க கையும் கழுவுங்க!" ஒரு குடம் போனது. இரண்டாவது குடமும் போனது.

"வாய்க்குள்ள போச்சாலே? சொல்லுலே!"

பாபநாசம் நடுங்கிக்கொண்டே அவளைப் பார்த்தான். "தெரியல."

அவள் வாழ்நாளில் அதுவரை கேட்ட சொற்களிலேயே அதுதான் பயங்கரமானது.

ஜமீலா பீவி அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். சுந்தரி அந்த டானிக் பாட்டிலை மூடி, ஒரு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினாள். என்ன மருந்து என்று கேட்டால் காட்ட வேண்டுமே.

டாக்டரம்மா பாட்டிலை வாங்கிப் பார்த்தார். பாபநாசத்தின் கண்ணில் டார்ச் அடித்தார். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்.

"ராத்திரி வரைக்கும் இங்கேயே இருக்கட்டும். வாயில எச்சில் ஒழுகினாலோ, வேர்த்துக் கொட்டினாலோ உடனே கூப்பிடணும்."

சுந்தரி கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணை எடுக்காமல் அவன் உதட்டையே பார்த்தாள். முட்டியில் வழிந்த ரத்தம் காய்ந்தது. அவன் தூங்கிப்போனான். கொஞ்ச நேரத்தில் அவன் கடைவாயில் மினுமினுவென்று ஒரு கோடு இறங்கியது.

"எச்சில்! டாக்டரம்மா, எச்சில்!"

எல்லோரும் ஓடி வந்தார்கள். டாக்டரம்மா குனிந்து பார்த்தார். மறுபடியும் கண்ணில் டார்ச் அடித்தார். பாபநாசம் எரிச்சலோடு விழித்து, "அப்பளம்" என்று முனகிவிட்டுத் திரும்பிப் படுத்தான்.

"இது தூக்கத்துல ஒழுகுறது. தினமும் ஒழுகுமா?"

"ஆமா. தலையணையே நனஞ்சிரும்" என்றாள் சுந்தரி. சொல்லிவிட்டுத்தான் அழுகை வந்தது.

செய்தி கேட்டு அம்மா வயலிலிருந்து சேற்றுக் காலோடும், அப்பா வாய்க்காலில் குளித்த ஈரத்தோடும் வந்தார்கள். அம்மா நேரே ஜமீலா பீவி மேல் பாய்ந்தாள்.

"எம் பிள்ளைக்கு என்னத்தக்கா ஊத்துனீங்க? கண்ணு தெரியலியா ஒங்களுக்கு?"

ஜமீலா பீவி தலையைக் குனிந்துகொண்டார். "பாக்காம எடுத்துட்டேன் நாயகி. என் தப்புத்தான்." சுந்தரியின் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

பேசாமல் இருந்துவிட்டால் போதும். யாருக்கும் தெரியப்போவதில்லை. சுந்தரி சுவரோடு சுவராக ஒட்டி நின்றாள். அம்மா இன்னும் கத்திக்கொண்டிருந்தாள். ஜமீலா பீவியின் கண்ணிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"மாமி மேல தப்பில்லம்மா. நான்தான் பம்புசெட்டுல எடுத்தேன். செடிக்கு அடிக்க."

அப்பா கையை ஓங்கினார். ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அடி விழுந்திருந்தால்கூடப் பரவாயில்லை. விழாததுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

தரையில் உட்கார்ந்தபடியே அப்பா கேட்டார். "அத எடுத்த பொறவு கையக் கழுவினியாட்டி?"

"கழுவினேன்பா."

"சோப்புப் போட்டா?"

"ஆமாப்பா."

அவர் அவள் கையைப் பிடித்து இழுத்து, விரல் ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு விடவே இல்லை.

இரவு எட்டு மணிக்கு டாக்டரம்மா வீட்டுக்குப் போகச் சொன்னார். "உள்ள போகல. உடனே சோப்புப் போட்டுக் கழுவினது நல்லதாப் போச்சு."

சனிக்கிழமை காலையில் சுந்தரி செடி முன்னால் உட்கார்ந்தாள். பூச்சிகள் சுகமாக இருந்தன. அவளுக்கு டாக்டரம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. அந்த மருந்தையே கழுவின சோப்பு இந்தப் பூச்சியைக் கழுவாதா?

பார் சோப்பைக் கொஞ்சம் சீவித் தண்ணீரில் கரைத்தாள். பழைய துணியை நனைத்து, ஒவ்வோர் இலையையும் அடிப்பக்கம் மேல்பக்கம் என்று துடைத்தாள். துணி நுழையாத காம்பு இடுக்கில் ஈர்க்குச்சியில் பஞ்சு சுற்றி எடுத்தாள். அழுக்குப் பிள்ளையின் காதைக் கழுவுவது போல விடாமல் கழுவினாள். கொஞ்ச நேரம் கழித்து நல்ல தண்ணீர் ஊற்றி அலசினாள்.

"குளிச்சிட்டுச்சா?" என்றான் பாபநாசம்.

"குளிச்சிட்டு."

சாயங்காலம் பார்த்தால் இரண்டு இலையில் மறுபடியும் வெள்ளை. எறும்புகள் பூச்சியைச் சுமந்துகொண்டு வரிசையாகத் தொட்டிமேல் ஏறுவதையும் பார்த்தாள். ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் கல் வைத்து, அதன்மேல் தொட்டியை ஏற்றினாள். எறும்புக்கு வழி அடைபட்டது. மறுபடியும் துடைத்தாள். ஞாயிற்றுக்கிழமையும் துடைத்தாள். செடி மெலிந்துதான் போயிருந்தது, ஆனாலும் குருத்து சிவப்பாக வந்திருந்தது.

அன்று மத்தியானம் அம்மா, நர்சம்மா கொடுத்த பாட்டிலை அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து எடுத்தாள். அப்பா எழுந்து நின்றார். ஜமீலா பீவி வாசலோடு நின்றுகொண்டார். பாபநாசம் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான்.

"என்ன எழுதியிருக்கு, படி" என்றார் எழுத்துத் தெரியாத அப்பா.

பாட்டிலில் நர்சம்மா ஒட்டிய சீட்டைச் சுந்தரி எழுத்துக் கூட்டிப் படித்தாள். "பாபநாசம். வயது நாலு. பூச்சி மருந்து. ஒரு கரண்டி."

"இன்னொரு மட்டம் படி."

படித்தாள். பிறகு பென்சிலை எடுத்து, 'பூச்சி' என்ற சொல்லுக்கு முன்னால் 'வயிற்றுப்' என்று எழுதினாள். அப்பா மோந்து பார்த்தார். அம்மா மோந்து பார்த்தாள்.

"என்கிட்டக் காட்டாதீய" என்றார் ஜமீலா பீவி. "என் மூக்கை நம்பி ஒரு தடவ பட்டது போதும்."

கரண்டியை எடுக்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை. பாபநாசம் வாயிலிருந்து ஒரு கையை மட்டும் எடுத்தான். "அக்கா குடுத்தா குடிக்குதேன்."

சுந்தரி கரண்டியில் மருந்தை ஊற்றினாள். ஒரு சொட்டைத் தன் நாக்கில் விட்டுப் பார்த்தாள். "இனிப்பா இருக்குலே."

அவன் குடித்தான். கரண்டியின் பின்பக்கத்தையும் நக்கினான். "இன்னொரு கரண்டி."

"ஒண்ணுதான். சீட்டுல அப்படித்தான் போட்டிருக்கு." மூடியை இறுக்கித் திருகி அப்பாவிடம் கொடுத்தாள். அவர் முக்காலி போட்டு ஏறி, உத்தரத்துக்கு மேல் வைத்தார்.

பாபநாசம் அண்ணாந்து பார்த்தான். "அங்கன வச்சா அக்காவுக்கே எட்டாதே!"

"அதுக்குத்தான்லே" என்றாள் சுந்தரி.