எதிர் வீட்டு மரம்

டிசம்பர் மாதத்து முதல் ஞாயிறு மாலை, எதிர் வீட்டு ஜன்னலில் ஒரு மரம் வந்து நின்றது.

பச்சை பிளாஸ்டிக் மரம். உச்சியில் ஒரு நட்சத்திரம். உடம்பு முழுக்கக் குட்டி விளக்குகள். சிவப்பு, பச்சை, சிவப்பு, பச்சை என்று அவை கண்ணடித்தன.

தவ்லீன் தன் அறையின் திரையை இழுத்து மூடினாள். பத்து விநாடி பொறுத்தாள். பிறகு ஒரு விரல் அளவு விலக்கிப் பார்த்தாள். விளக்குகள் இன்னும் கண்ணடித்துக்கொண்டுதான் இருந்தன.

"ரொம்பத்தான்!" என்று மறுபடி மூடினாள்.

எதிர் வீடு சித்தப்பாவுடையது. ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில், கடல் தெரியும் குன்றுச் சரிவில், சீக்கியர்களான அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து புளூபெரித் தோட்டம் வைத்திருந்தார்கள். தோட்டத்து வாசலில் எதிரெதிரே இரண்டு வீடுகள். சித்தப்பாவின் மகள் மெஹருக்கும் பத்து வயதுதான். இருவருக்கும் ஒரே வகுப்பு, ஒரே பஸ். இப்போது மரம் மட்டும் ஒருத்திக்கு.

மறுநாள் அப்பா செடிகளுக்கு மேல் போட்ட வலையில் விழுந்த ஓட்டையைத் தைத்துக்கொண்டிருந்தார். தவ்லீன் பக்கத்தில் போய் நின்றாள்.

"அப்பா, நமக்கு ஏன் மரம் இல்ல?"

"இந்த மாசம் என்ன மாசம்னு உனக்குத் தெரியாதா செல்லம்? நம்ம குரு தன்னோட நாலு பிள்ளைங்களையும் பறிகொடுத்த மாசம். பெரியவங்க ரெண்டு பேரும் போர்ல போயிட்டாங்க. சின்னவங்க ரெண்டு பேரையும் எதிரிங்க உயிரோட சுவருக்குள்ள வச்சுக் கட்டிட்டாங்க. அந்த நினைப்பு இருக்கும்போது, எனக்கு விளக்குப் போட மனசு வரலம்மா."

வலையின் மறுமுனையைப் பிடித்திருந்த சித்தப்பா சிரித்தார். "அண்ணா, நானும் அதை மறக்கல. பள்ளிக்கூடத்துல எல்லாப் பிள்ளைங்களும் கொண்டாடுறாங்க, மெஹர் ஆசைப்பட்டா. ஒரு பிளாஸ்டிக் மரம் வந்து என் தாடியை எடுத்துடவா போகுது?"

"உன் வீடு, உன் மரம்டா. முதல்ல வலையை இழுத்துப் பிடி. பறவையெல்லாம் உள்ள வந்து விருந்து சாப்பிடுது."

அவ்வளவுதான். இருவரும் ஒரே ஃப்ளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் குடித்தார்கள். சண்டையே இல்லை. தவ்லீனுக்கு அதுவும் எரிச்சலாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் மெஹர் அவளருகே வந்து உட்கார்ந்தாள்.

"சாயங்காலம் வரியா? நட்சத்திரத்துக்குக் கீழ ஒரு மணி கட்டணும். எனக்கு எட்டல. நீதான் உயரம்."

தவ்லீனின் கை அந்த மணியைக் கட்டத் துடித்தது. ஆனால் வாய் வேறொன்றைச் சொன்னது.

"எங்க வீட்ல அதெல்லாம் கிடையாது. நாங்க ஒழுங்கான சீக்கியருங்க."

"அப்போ நாங்க?"

"அது உனக்கே தெரியும்."

மெஹர் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பள்ளிக்கூடம் வரும்வரை ஜன்னலுக்கு வெளியே வாழைத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

அடுத்த ஞாயிறு சீக்கியர் கோயிலான குருத்வாராவில் பிள்ளைகளுக்கு வகுப்பு. பல்பீர் ஆன்ட்டிதான் ஆசிரியை. பெரிய குரல், பெரிய கைப்பை. பைக்குள் எப்போதும் கற்கண்டு இருக்கும்.

"இருபத்தாறாம் தேதி நிகழ்ச்சி. குருவோட சின்னப் பிள்ளைங்களைப் பத்தின நீளப் பாட்டை ஒருத்தர் தனியா நின்னு சொல்லணும்" என்றார் ஆன்ட்டி.

தவ்லீன் முதுகை நிமிர்த்தினாள். முடியைக்கூடச் சரிசெய்துகொண்டாள்.

"மெஹர் சொல்லட்டும். அவளுக்குத் தெளிவான குரல். தவ்லீன், நீ எல்லாருக்கும் பால் ஊத்தும்மா."

பால்! யார் வேண்டுமானாலும் பால் ஊற்றலாம். மரமும் அவளுக்கு, பாட்டும் அவளுக்கா? தவ்லீனின் வயிற்றில் மிளகாயை அரைத்துப் பூசியதுபோல் எரிந்தது.

வகுப்பு முடிந்ததும் சமையலறையில் ஆன்ட்டியுடன் டம்ளர் கழுவினாள். ஒரு டம்ளரையே நாலு முறை கழுவினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"ஆன்ட்டி, மெஹர் வீட்ல கிறிஸ்துமஸ் மரம் வச்சிருக்காங்க."

ஆன்ட்டியின் கை நின்றது. "இந்த மாசத்துலயா?"

"ஆமா. தினமும் பாட்டுப் போட்டு, மரத்தைச் சுத்தி ஆடுறாங்க."

ஆடியதை அவள் பார்த்ததே இல்லை. ஆனால் சொல்லியாகிவிட்டது. கொட்டிய பாலை அள்ள முடியுமா என்ன?

அன்று மாலையே ஆன்ட்டி சித்திக்குப் போன் செய்தார். "மரம் வச்ச வீட்டுப் பிள்ளை இந்தப் பாட்டைச் சொன்னா நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க. இந்தத் தடவை தவ்லீன் சொல்லட்டும்" என்றாராம். சித்தி வந்து அம்மாவிடம் சொன்னபோது தவ்லீன் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள்.

முதலில் இனித்தது. கண்ணாடி முன் நின்று கையை வீசிப் பாட்டைப் படித்தாள். புதன்கிழமைக்குள் பாதி மனப்பாடம்.

புதன்கிழமை மாலை வாளியை எடுத்துக்கொண்டு பழம் பறிக்கப் போனாள். அடுத்த வரிசைச் செடிகளுக்கு அப்பால் ஒரு குரல் கேட்டது. எட்டிப் பார்த்தாள்.

மெஹர் தனியாக நின்று புளூபெரிச் செடிகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"சுவர் ஏறுது இடுப்புக்கு, சுவர் ஏறுது தோளுக்கு, அண்ணன் கை தம்பி கையை விடவே இல்லை..."

அந்த இடத்தில் அவள் குரல் தாழ்ந்தது. தவ்லீன் அதே வரியைக் கண்ணாடி முன் கத்திச் சொல்லியிருந்தாள். கத்தக்கூடிய வரி இல்லை அது என்று இப்போதுதான் தெரிந்தது.

சத்தம் போடாமல் வீட்டுக்குத் திரும்பினாள். இருட்டத் தொடங்கியது. பழக்கத்தில் திரையை ஒரு விரல் அளவு விலக்கினாள்.

எதிர் ஜன்னலில் மரம் இல்லை.

"மெஹரே கழட்டிப் பெட்டியில போட்டு ஷெட்ல வச்சுட்டாளாம்" என்றாள் அம்மா. "ஏன்டின்னு கேட்டா வாயே திறக்கலையாம். பாவம் குழந்தை."

பத்து நாளாக எதைப் பார்க்கக்கூடாது என்று தவ்லீன் திரையை மூடினாளோ, அது போய்விட்டது. சந்தோஷம் வரவேண்டும். வரவில்லை. சப்பாத்தியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள்.

அடுத்த ஞாயிறு ஒத்திகை. மெஹர் வரவில்லை. பிள்ளைகள் வருவதற்கு முன்பே தவ்லீன் ஆன்ட்டியின் முன்னால் போய் நின்றாள்.

"ஆன்ட்டி, அவங்க ஆடல."

"யாரு ஆடல?"

"மெஹர் வீட்ல. மரம் வச்சது நிஜம். ஆடுனாங்கன்னு சொன்னது பொய். மரத்தைப் பத்தி நான் சொன்னதும் குருவுக்காக இல்ல. எனக்கு மரம் இல்லையேன்னு சொன்னேன். பாட்டும் கிடைக்கலையேன்னு சொன்னேன்." ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். மூக்கு ஒழுகியது. "செடிங்களுக்குப் பாட்டுச் சொல்லிட்டு இருக்கா, ஆன்ட்டி. என்னைவிட நல்லா சொல்றா."

ஆன்ட்டி பெரிய கைப்பையைத் திறந்தார். கற்கண்டு வரவில்லை. கைக்குட்டை வந்தது.

"மூக்கைத் துடை. நான் மட்டும் என்ன? ஒரு வார்த்தை அந்தப் பிள்ளையைக் கேட்டேனா? நாலு பேர் பேசுவாங்கன்னு நானே முதல் ஆளா பேசிட்டேன்." பெருமூச்சு விட்டார். "பாட்டு மெஹருக்குத்தான். நான் போன் பண்றேன். ஆனா யார் சொன்னதுன்னு அவகிட்ட நீதான் சொல்லணும்."

அதுதான் கஷ்டமான வேலை.

வீட்டுக்கு வந்ததும் தவ்லீன் ஷெட்டுக்குப் போனாள். மரம் இருந்த பெட்டி அவளைவிட உயரம். அதைத் தூக்க முடியவில்லை. தள்ளினாள், இழுத்தாள், இரண்டு முறை அதன்மேலேயே விழுந்தாள். சித்தப்பா வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்திக் கதவைத் தட்டினாள்.

மெஹர் கதவைத் திறந்தாள். பெட்டியையும் பார்த்தாள், தவ்லீனின் தலையிலிருந்த ஒட்டடையையும் பார்த்தாள்.

"ஆன்ட்டிகிட்ட சொன்னது நான்தான்" என்றாள் தவ்லீன். "நீ ஆடுனன்னு பொய்யும் சொன்னேன்."

"நீயா?"

"ம்."

"நான் வேற யாரோன்னு நினைச்சேன். நீயா?"

"எனக்குப் பொறாமையா இருந்துச்சு. எங்க வீட்ல மரம் வேணுமா வேண்டாமான்னு அப்பா சொல்வாரு. உங்க வீட்ல நீங்கதான் சொல்லணும். நான் இல்ல. அதான் கொண்டுவந்தேன்."

மெஹரின் கண்கள் நிறைந்தன. பெட்டியைப் பிடித்து உள்ளே இழுத்தாள். பெட்டி உள்ளே போனது. கதவு படாரென்று மூடியது. தவ்லீன் வெளியே நின்றாள்.

மறுநாள் எதிர் ஜன்னலில் மரம் வந்தது. ஆனால் மெஹர் பேசவில்லை. விடுமுறை தொடங்கியதால் பஸ்ஸிலும் பார்க்க முடியவில்லை. கிறிஸ்துமஸ் அன்று எதிர் வீட்டில் பரிசுத் தாள் கிழிபடும் சத்தம் கேட்டது. தவ்லீனுக்குக் கொஞ்சம் எரிந்தது. பொய் சொல்வானேன், கொஞ்சம் அதிகமாகவே எரிந்தது. அப்பாவுடன் கடற்கரைக்குப் போய் அலையில் புரண்டுவிட்டு வந்தாள். கொஞ்சம் அணைந்தது.

இருபத்தாறாம் தேதி குருத்வாரா நிரம்பி வழிந்தது. மெஹர் எழுந்து நின்றாள். கையை வீசவில்லை, கத்தவில்லை. "அண்ணன் கை தம்பி கையை விடவே இல்லை" என்று அவள் சொன்னபோது மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்டது. அப்பாவும் சித்தப்பாவும் ஒரே நேரத்தில் கண்ணைத் துடைத்தார்கள். பல்பீர் ஆன்ட்டி மூக்கைச் சிந்திய சத்தம் கடைசி வரிசைவரை கேட்டது.

தவ்லீன் பால் ஊற்றினாள். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. மெஹர் தரையில் உட்கார்ந்து டம்ளரை நீட்டினாள். தவ்லீன் ஊற்றினாள். இருவரும் முகம் பார்க்கவில்லை.

அப்போது ஐந்து வயதுப் பையன் ஒருவன் மெஹரின் துப்பட்டாவை இழுத்தான்.

"அக்கா, அந்தக் குட்டித் தம்பி பயந்தானா?"

மெஹர் விழித்தாள். அது பாட்டில் இல்லை. அவள் தலையைத் தூக்கித் தவ்லீனைப் பார்த்தாள்.

தவ்லீன் பால் வாளியைக் கீழே வைத்தாள். யோசித்தாள்.

"கொஞ்சம் பயந்திருப்பான்" என்றாள். "ஆனா பக்கத்துல அண்ணன் இருந்தான்ல?"

பையன் தலையாட்டிவிட்டு ஓடினான்.

மெஹர் டம்ளரை எடுத்துக்கொண்டு கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் ஒருவர் உட்கார இடம் விட்டாள்.