எட்டிப் பார்த்த பெருவிரல்

என் அம்மா மலேசியாவின் கினபாலு மலையில் சுமை தூக்கினாள். மலை ஏற வருகிறவர்கள் தங்கும் விடுதிக்கு அரிசி, முட்டை, கேஸ் சிலிண்டர் எல்லாம் அவள் முதுகில்தான் போகும்.

ஒரு முறை அவளுடைய ரப்பர் ஷூ கிழிந்துவிட்டது. புதிது வாங்கப் போனால், கடையில் அவள் அளவு இல்லை. ஓர் அளவு சின்னதுதான் இருந்தது.

"போடப் போட கால் பழகிடும்" என்று வாங்கிவிட்டாள்.

கால் பழகவில்லை. சாயங்காலம் மலையிலிருந்து இறங்கி வந்தவள், வீட்டுப் படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாள். வலது பெருவிரல் நகம் நாவல்பழம் மாதிரி கறுத்திருந்தது. ஓரத்தில் கொஞ்சம் தூக்கிக்கொண்டும் நின்றது.

"ஐயோ! நாளைக்கு எப்படிம்மா போறது?" என்றேன்.

என் அக்கா சோய்னாவுக்குக் குழந்தை பிறந்திருந்தது. அம்மாவுக்கு முதல் பேத்தி. அக்காவின் ஊர் கீழே, ஆற்றோரத்தில். மழையில் மண் சரிந்து வண்டிப் பாதை மூடிக் கிடந்தது. காட்டு வழியாக நடந்துதான் இறங்க வேண்டும். அம்மாவுக்கு மறுநாள் மட்டும்தான் லீவு.

பக்கத்து வீட்டிலிருந்து குந்திங் மாமா ஓடி வந்தார். அம்மாவின் தம்பி. கையில் வேலிக்கம்பி முறுக்குகிற குறடு.

"அக்கா, கண்ண மூடிக்க. ஒரே இழுப்பு. முடிஞ்சிடும்."

"எது முடியும்? நானா?" என்றாள் அம்மா.

"எப்படியும் விழப்போற நகம். அதுக்கு எதுக்கு இவ்வளவு மரியாதை?"

அம்மா யோசித்தாள். "சரி, இழு. நாளைக்கு நான் போயே ஆகணும்."

நான் ஓடிப்போய் அவள் காலை இரண்டு கையாலும் மூடிக்கொண்டேன்.

"தொடாதீங்க மாமா! என் விரல் கதவுல நசுங்கினப்போ நகம் இப்படித்தான் கறுத்துச்சு. அம்மா யாரையும் இழுக்க விடல. அது தானா விழுந்தப்போ அடியில குட்டி நகம் இருந்துச்சு. அதுவரைக்கும் பழசுதான் மேல மூடியா இருந்துச்சு. இதோ பாருங்க!"

மாமா என் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது சின்ன விரல்."

"சின்ன விரல்னா வலிக்காதா?"

"அடேயப்பா, டாக்டரம்மா வந்துட்டாங்க!" என்றார் மாமா. ஆனாலும் குறட்டைக் கீழே வைத்துவிட்டார்.

தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, உப்புப் போட்டேன். சோப்பால் மெதுவாகக் கழுவி ஈரம் போகத் துடைத்தேன். தூக்கிக்கொண்டு நின்ற ஓரத்தை மட்டும், எதிலும் மாட்டாதபடி நகவெட்டியால் நறுக்கினேன். சுத்தமான வெள்ளைத் துணியால் கட்டினேன். அம்மா ராத்திரி முழுக்கக் காலைத் தலையணை மேல் வைத்துப் படுத்தாள்.

காலையில் ஷூவைப் போட்டு ஒரு படி இறங்கினாள். "அம்மாடி!" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டாள். செருப்புப் போட்டால் சேற்றில் வழுக்கும். வெறுங்காலோடு போனால் கல்லும் முள்ளும்.

"நீயும் மாமாவும் போயிட்டு வாங்க" என்றாள். "குழந்தை யார் மாதிரி இருக்குன்னு வந்து சொல்லு, மைமின்." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எனக்கு அந்த ஷூவைப் பார்க்கவே கோபமாக வந்தது. எடுத்து என் காலில் மாட்டிக்கொண்டேன். படி ஏறினேன், ஒன்றும் இல்லை. இறங்கினேன், விரல் போய் முன்னால் இடித்தது. மறுபடி ஏறினேன், இறங்கினேன்.

"என்னடி, படிக்கட்ட அளக்கிறியா?" என்றாள் அம்மா.

"இறங்குறப்போதான்ம்மா இடிக்குது. இடிக்கிற இடத்தை வெட்டிட்டா?"

"புது ஷூடி!"

"ஷூ புதுசு, விரல் பழசு. எது வேணும்?"

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். அம்மா என் காலிலிருந்து ஷூவைக் கழற்றினாள். பிறகு மாமாவிடம், "போ, கத்திய எடுத்துட்டு வா" என்றாள்.

நான் கரியால் கோடு போட்டேன். மாமா வெட்டினார். உள்ளே கால் முன்னால் நழுவாமல் இருக்க, ஒரு நாடாவால் ஷூவைக் கணுக்காலோடு சேர்த்துக் கட்டினேன். அம்மா படி இறங்கினாள். ஒரு படி. இன்னொரு படி. வெள்ளைக் கட்டுப் போட்ட விரல் மட்டும் வெளியே எட்டிப் பார்த்தது.

"இடிக்கல!" என்றாள்.

அக்காவுக்குச் சூப் வைக்க இஞ்சியும் கோழியும் மூங்கில் கூடையில் என் முதுகில் ஏறின. அரிசியை மாமா எடுத்துக்கொண்டார். அம்மா வெறும் முதுகோடு நடந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"கைய எங்க வெச்சிக்கிறதுன்னே தெரியலடி" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். கூடைக்குள் கோழியும் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தது. அந்தக் காலைப் பனியும், ஈர மண் வாசனையும், முன்னால் போன அம்மாவின் லேசான முதுகும் இப்போதும் என் மனசுக்குள் இருக்கின்றன.

எதிரில் வந்த ஒருவர், "என்னம்மா, உன் ஷூ வாயத் திறந்துட்டு இருக்கு? பசியா?" என்றார்.

"ஆமா, காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடல. கிட்ட வராதீங்க!" என்றாள் அம்மா.

மெதுவாக, நின்று நின்று, மத்தியானம் போய்ச் சேர்ந்தோம். அக்கா வாசலுக்கே ஓடி வந்துவிட்டாள். "நீ வர மாட்டேன்னு நெனச்சேன்ம்மா" என்று அழுதாள்.

அம்மா ஷூவை வாசலில் விட்டாள். நான் அவள் விரலைக் கழுவி வேறு துணி கட்டினேன். அதற்குள் அவளுக்குப் பொறுக்கவில்லை. "குடு, குடு" என்று குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். முகத்தைப் பார்த்தாள், மோந்து பார்த்தாள். பிறகு துணியை விலக்கி, அந்தக் குட்டிக் கால்களைக் கையில் ஏந்திக்கொண்டாள். நொய்யரிசி மாதிரி நகங்கள்.

"என் தங்கமே, உனக்கு முதல் ஷூ நான்தான் வாங்கித் தருவேன்."

அக்கா வாசலில் கிடந்த ஷூவை எட்டிப் பார்த்தாள்.

"வாங்கும்மா. ஆனா கடைக்குப் போறப்போ மைமினையும் கூட்டிட்டுப் போ."