யாருக்கான மாத்திரை

உமாதேவி முன்னறையைப் பெருக்க வந்ததும் நாத்தனார் இந்துஜா குழந்தையைத் தூக்கி அம்மா மீனாட்சியம்மாள் மடியில் போட்டாள். அண்ணன் மனைவிக்கு டி.பி. என்று தெரிந்ததிலிருந்து இப்படித்தான். ஒரு மாதமாக உமாதேவிக்குத் தட்டு தனி, பாய் தனி. நான்கு மாதக் குழந்தையைத் தொடவே கூடாது.

நோய் உண்மையில் மாமியார் மீனாட்சியம்மாளுக்கு. "இந்துஜா மாமியார் வீட்டுக்குத் தெரிஞ்சா பேத்திய இங்கன விட்டுவைக்க மாட்டாவ..." என்று கையைப் பிடித்து அழுதபோது, யாரிடமும் சொல்வதில்லை என்று உமாதேவி சத்தியம் செய்தாள். மாத்திரை அட்டையைக் கணவன் மாதவன் பார்த்த அன்று, தனக்குத்தான் என்றும் சொன்னாள். மாத்திரை தொடங்கிவிட்டால் குழந்தைக்குப் பரவாது என்று நம்பியிருந்தாள்.

அவள் பெருக்கிக்கொண்டிருந்தபோதே கோவில்பட்டி ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் வள்ளிமயில் வந்தாள். வீட்டில் சின்னப் பிள்ளைகளே இல்லை என்று டாக்டரிடம் மீனாட்சியம்மாள் சொல்லியிருந்தாள். அவள் மடியிலேயே குழந்தையைப் பார்த்த நர்ஸ் திகைத்து, உடனே பரிசோதிக்க வேண்டும், தடுப்பு மருந்தும் வேண்டும் என்றாள்.

"மதினி பிள்ளையத் தொட்டதே இல்ல சிஸ்டர். பச்சப்பிள்ளைக்கு எதுக்கு மருந்து?" என்றாள் இந்துஜா.

"நோயாளி யாருன்னு நான் சொல்லக் கூடாதும்மா" என்ற நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டாள்.

இந்துஜா மறுத்துவிட்டாள். நர்ஸ் வாசல்வரை போய்விட்டாள். உமாதேவி விளக்குமாற்றைக் கீழே போட்டாள்.

"உமா... சத்தியம் பண்ணிருக்க" என்றாள் மீனாட்சியம்மாள்.

"உங்க நோவைச் சொல்ல மாட்டேன்னுதான் அத்தை சத்தியம் பண்ணினேன். பிள்ளைக்கு வந்தாலும் வாயை மூடிட்டு இருப்பேன்னு பண்ணல." நாத்தனார் பக்கம் திரும்பினாள். "எனக்கு ஒரு நோவும் இல்ல. மாத்திரை அத்தைக்கு."

பேச்சைக் கேட்டு மாதவன் உள்ளறையிலிருந்து வந்தான். ஒரு மாதமாக ஏன் சொல்லவில்லை என்று கேட்டான்.

"நோவுன்னு சொன்னதும் தட்டைப் பிரிச்சு வச்சீங்க. ஒரு நாளாவது ஆஸ்பத்திரிக்குக் கூட வந்தீங்களா?"

இந்துஜா அவள் தோளில் சாய்ந்து விம்மினாள். உமாதேவி விலக்கவில்லை.

"அழுகைய பிறகு வச்சுக்கிடலாம். பிள்ளைக்குத் துணி எடு. நர்ஸம்மா வந்த ஆட்டோ நிக்கி."

மீனாட்சியம்மாள் எழுந்து வந்து குழந்தையை மருமகளிடம் நீட்டினாள்.

"நானும் வாரேன் உமா. டாக்டர்ட்ட பொய் சொன்னவ நாந்தான். நானே சொல்லுதேன்."

குழந்தையை மார்போடு அணைத்து ஆட்டோவில் ஏறிய உமாதேவி, சற்று நகர்ந்து மாமியாருக்கு இடம் விட்டாள்.