தோட்டா இல்லாத துப்பாக்கி

சனிக்கிழமை காலை. மார்லா பொரித்த முட்டைத் தட்டை மேசையில் வைக்கத் திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள். தட்டு வைக்கவேண்டிய இடத்தில் கணவன் வெர்னன் ஒரு ரிவால்வரை வைத்திருந்தான்.

"சாப்பிடற மேசையிலயா?" அவள் ஓரடி பின்வாங்கினாள்.

"தோட்டா இல்லம்மா. எதுக்கு இப்படி வேர்த்துக் கொட்டற?"

தோட்டா இல்லை... பதினெட்டு வருஷத்துக்கு முன் இதே வாய், இதே வார்த்தையைச் சொல்லிவிட்டுத்தான் வயலுக்குப் போனது.

மகள் கோரின் தலைகுனிந்து காப்பியைக் கலக்கிக்கொண்டிருந்தாள். இருபத்தாறு வயது. நகரத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஊருக்கு வெளியே தனி வீட்டில் இருக்கிறாள். வேலை முடிந்து திரும்புகையில் யாரோ ஒருவன் இரண்டு முறை அவள் வண்டியைப் பின்தொடர்ந்து வந்து, வாசல் வரைக்கும் வந்து நின்றிருக்கிறான். போன் செய்தால் ஷெரீஃப் ஆபீஸ் போலீஸ்காரர் வந்து சேர நாற்பது நிமிஷம்.

"இன்னிக்கு ரெண்டு பேருக்கும் நானே சுடக் கத்துக்குடுக்கப் போறேன்" என்றான் வெர்னன். "நம்ம பையன் ட்ராவிஸும் அடுத்த மாசம் தனி வீட்டுக்குப் போறான். காவலுக்கு ஒண்ணு வேணாமா?"

"பணம் கட்டினா ஒழுங்கா சொல்லித்தர்ற வகுப்பு இருக்கே..." என்றாள் மார்லா.

"வகுப்பா!" சிரித்தது ஓபல். வெர்னனின் அக்கா, கணவன் இறந்ததிலிருந்து இங்கேதான் இருக்கிறாள். "துப்பாக்கியைத் துடைக்கிறேன்னு சொந்தக் கையையே சுட்டுக்கிட்ட மகராசி புத்தி சொல்ல வந்துட்டா!"

மார்லா இடது கையை ஏப்ரனுக்குள் மறைத்துக்கொண்டாள். அந்தக் கையின் கடைசி இரண்டு விரல்களும் மடங்காது. ஒரு காலத்தில் ஞாயிறு தவறாமல் தேவாலயத்தில் பியானோ வாசித்த கை!

"இருக்கட்டும் அண்ணி" என்று மட்டும் சொன்னாள். ஆனால் அவர்கள் கிளம்பியபோது வீட்டில் இருக்கமுடியவில்லை. கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.

மேய்ச்சல் நிலத்தின் ஓரத்தில் மண்மேடு. அதன்முன் பலகையில் நாலு டப்பாக்கள். வெர்னன் தோட்டாக்களைப் போட்டு ரிவால்வரை மகனிடம் நீட்டினான். ட்ராவிஸ் குறி பார்த்தான், சுட்டான், டப்பா பறந்தது.

"பாத்தியாக்கா!"

சந்தோஷத்தில் அப்படியே திரும்பினான். கையிலிருந்த துப்பாக்கியும் கூடவே திரும்பியது... கோரினின் நெஞ்சுக்கு நேராக! விரல் இன்னும் விசையில்!

"ட்ராவிஸ்!"

அலறிக்கொண்டே பாய்ந்த மார்லா அவன் கையைப் பிடித்து மண்ணை நோக்கி அழுத்தினாள். குண்டு வெடிக்கவில்லை.

ட்ராவிஸின் முகம் சிவந்தது. "என்னம்மா இது! உங்களுக்குப் பயம்னா வீட்ல இருங்க! உங்க கையை நீங்களே சுட்டுக்கிட்டதுக்கு நாங்க காலம்பூரா..."

"வாயை மூடுடா!"

கத்தியது கோரின். "போதும்மா... இனிமே என்னால முடியாது. அம்மா சுட்டுக்கலடா. நீதான்டா சுட்டே!"

"கோரின்! வேண்டாம்டி கண்ணு... சத்தியம் பண்ணியிருக்கே..."

"எட்டு வயசுல வாங்கின சத்தியம்மா அது! இவன் இன்னிக்கு என்னைச் சுட்டிருப்பான்!" அவள் அப்பா பக்கம் திரும்பினாள். "கோழிக்கூண்டுகிட்ட பாம்பைச் சுட்டீங்களே, ஞாபகம் இருக்கா? துப்பாக்கியைக் கட்டில்ல போட்டுட்டு, தோட்டா இல்லன்னு சொல்லிட்டுப் போனீங்க. நாலு வயசு ட்ராவிஸ் அதை எடுத்து என்னைப் பாத்து நீட்டினான். அம்மா குறுக்க கையை நீட்டினாங்க... நான் கதவோரமா நின்னுட்டிருந்தேன்ப்பா. எல்லாத்தையும் பாத்தேன்!"

ட்ராவிஸ் துப்பாக்கியைத் தரையில் வைத்துவிட்டு, அது தன்னைக் கடித்ததைப்போல இரண்டடி பின்வாங்கினான்.

"நானா... அம்மா, நானா?"

"நீ குழந்தைடா!" மார்லா அவன் முகத்தை இரண்டு கையாலும் ஏந்தினாள். "பள்ளிக்கூடத்துல எல்லாரும் 'அம்மாவைச் சுட்டவன்'னு கூப்பிட விடுவேனா? எனக்கென்ன, பைத்தியக்காரின்னு சொன்னாங்க. சொல்லிட்டுப் போகட்டும்."

அவன் அவள் தோளில் முகம் புதைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதான்.

வெர்னன் அவர்கள் பக்கம் வந்தான். "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே, மார்லா..."

"சொன்னா தாங்கியிருப்பீங்களா? அந்த வருஷம்தான் குடியை விட்டீங்க."

அவன் தொப்பியைக் கழற்றினான். விறைத்துப்போன அந்த இரண்டு விரல்களையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். "நானும் கூடச் சேர்ந்து சிரிச்சேனே... பதினெட்டு வருஷமா! இந்தச் சனியனை இன்னிக்கே ஏரியில வீசிடறேன்."

"வீசவேண்டாம்." மார்லா கண்ணைத் துடைத்தாள். "கோரின் வாசல்ல வந்து நின்னானே, அவனை நெனச்சா எனக்குத் தூக்கம் வரல. நாற்பது நிமிஷம் அவ என்ன பண்ணுவா? அவ கத்துக்கத்தான் வேணும். ஆனா உங்ககிட்ட இல்ல. நீங்களும் கூடப் போய் உக்காந்து கத்துக்கணும்."

மதியச் சாப்பாட்டில் ஓபல் வழக்கம்போல, "என்ன, மகராசி யாரையும் சுடலியா?" என்று ஆரம்பித்தாள்.

"அக்கா, அந்தக் கையைச் சுட்டது என் கவனக்குறைவு" என்றான் வெர்னன். நடந்தது முழுவதையும், ஒன்றுவிடாமல், அவனே சொன்னான்.

ஓபலின் கையிலிருந்து கரண்டி நழுவியது. "மார்லா... அன்னிக்கு சர்ச்சுல எல்லார் முன்னாடியும் உன் கையைப் பத்தி நான் பேசின பேச்சு..." எழுந்துவந்து மண்டியிட்டு மார்லாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதாள். "எழுந்திருங்க அண்ணி, சோறு ஆறுது" என்றாள் மார்லா. அவள் கண்ணும் நிறைந்திருந்தது.

அடுத்த சனிக்கிழமை நகரத்து வகுப்பில் கணவன், மனைவி, பிள்ளைகள் என நால்வரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மார்லா மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகளின் கைக்கு இனி துப்பாக்கி வரப்போகிறது. மகளைக் காக்குமோ, பறித்துக்கொள்ளுமோ... யார் கண்டார்கள்!

நரைத்த தலையுடன் ஒரு பெண்மணி முன்னால் வந்து நின்றாள்.

"துப்பாக்கி சுட இதுவரைக்கும் யார்கிட்டயும் ஒழுங்கா கத்துக்காதவங்க யாரு? கையைத் தூக்குங்க."

கோரினும் ட்ராவிஸும் தயங்கி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நாற்பது வருஷமாகத் துப்பாக்கி வைத்திருந்த வெர்னன்தான் முதலில் கையைத் தூக்கினான்.