விரியன் தோலின் இரண்டு ஓரங்கள்

"நான் வரைஞ்ச படத்தை நானே திருடிட்டேனாம் மேடம். நாளைக்கு விசாரணை. காலேஜை விட்டே அனுப்பிடுவாங்க" என்றாள் அருள்செல்வி.

அம்பத்தூரில் துப்பறியும் அலுவலகம் நடத்திவந்த தாட்சாயிணி அவள் நீட்டிய அச்சுப்படத்தை வாங்கிப் பார்த்தாள். உதவியாளன் வேம்புலியும் எட்டிப் பார்த்தான்.

அருள்செல்வி ஆவடி தொழிற்சாலைக் குடியிருப்பைச் சேர்ந்தவள். வேலப்பன்சாவடியில் எம்.எஸ்ஸி. படிக்கிறாள். இரண்டு ரசாயனங்கள் வினைபுரிந்துகொண்டே பரவினால் புள்ளிகள் தாமாக உருவாகும். அதைக் கணினியில் ஓட்டி, கண்ணாடி விரியனின் உடற்புள்ளிகளை வரவழைத்திருந்தாள். அவளுடைய வழிகாட்டி இராமகிருஷ்ணன் அதே படத்தைத் தன் கட்டுரையில் போட்டுக்கொண்டு, அவள்தான் திருடினாள் என்று புகார் கொடுத்திருந்தார். அதைப் பதிந்து வைத்திருந்த அவளுடைய பிளாப்பியையும் பிடுங்கி வைத்துக்கொண்டார்.

"ரெண்டு பேருக்கும் ஒரே மாரி வந்துருக்கலாமே?" என்றான் வேம்புலி.

"வராதுண்ணா. ஒவ்வொரு தடவையும் தாறுமாறாத்தான் ஆரம்பிக்கும். புள்ளி வேற வேற இடத்துல விழும்."

"அப்போ தேதிய பாத்தா மேட்டர் ஓவர், அக்கா."

"கம்ப்யூட்டர் தேதியை யார் வேணா மாத்தலாம் வேம்புலி" என்றாள் தாட்சாயிணி. அவள் கண் படத்தின் இடது, வலது ஓரங்களில் இருந்தது. அங்கே சில புள்ளிகள் பாதியில் அறுபட்டிருந்தன.

மறுநாள் மூவரும் கல்லூரி முதல்வர் அறைக்குப் போனபோது இராமகிருஷ்ணன் வடை தின்றுகொண்டிருந்தார்.

"சொந்தப் பொண்ணு மாதிரி நினைச்சேன். இப்படிப் பண்ணிட்டா" என்று எண்ணெய் விரலை நக்கிக்கொண்டார். தாட்சாயிணி அவருடைய கட்டுரையின் நகலை மேசையில் விரித்தாள்.

"உங்க படம் எதைக் காட்டுது சார்?"

"சதுரத் தட்டுல ஊத்தின கலவை. கட்டுரையிலயே இருக்கே."

"ஓரத்துக்கு வந்த ரசாயனம் என்ன ஆகும்?"

"அங்க சுவரும்மா. தாண்டாது. இதுகூடத் தெரியாம விசாரிக்க வந்துட்டியா?"

அந்த நகலிலிருந்து படத்தை மட்டும் ஓரத்தை ஒட்டி வெட்டினாள் தாட்சாயிணி. குழாய்போல் சுருட்டி, இடது ஓரத்தையும் வலது ஓரத்தையும் சேர்த்து முதல்வரிடம் நீட்டினாள். அறுபட்ட புள்ளிகள் ஒன்றுவிடாமல் முழுப் புள்ளிகளாகப் பொருந்தியிருந்தன.

"நடுவுல சுவர் இருந்தா, ஒரு ஓரத்துப் புள்ளிக்கு மிச்சம் எதிர் ஓரத்துல வராது. பாம்பு உடம்பு உருளை மாதிரி. அதனால அருள்செல்வி ரெண்டு ஓரத்தையும் இணைச்சு ஓட்டியிருக்கா. தட்டுன்னு வெச்சு ஓட்டினவருக்கு இந்தப் படம் கிடைக்காது சார். எடுத்தவர் எதை எடுக்கிறோம்னுகூடப் பார்க்கலை."

அருள்செல்வி ஆமென்று தலையசைத்தாள். இராமகிருஷ்ணன் வாயிலிருந்ததை விழுங்க முடியாமல் விழுங்கினார்.

"ஆள முழுங்குற வாயிக்கு வட முழுங்க முடியல" என்று முணுமுணுத்தான் வேம்புலி.

முதல்வர் தொண்டையைச் செருமினார். "புகாரைக் கிழிச்சிடறேன். வெளியில பேச வேண்டாம். காலேஜ் பேரு இருக்கு."

"கோவிச்சுக்காதம்மா" என்று இராமகிருஷ்ணன் எழுந்து வந்து அருள்செல்வியின் தோளில் கைவைத்தார். "ரெண்டு பேர் பேரையும் சேத்துப் போட்டுக்கலாம். வேலைக்கும் நானே சிபாரிசு எழுதறேன்."

சட்டென்று விலகியவள், தோளில் படிந்த எண்ணெயைத் துப்பட்டாவால் அழுத்தித் துடைத்தாள்.

"உங்க பேர் பக்கத்துல என் பேர் வந்தா எனக்கு அருவருப்பா இருக்கும் சார். படம் உங்களது இல்லைன்னு கட்டுரை வந்த பத்திரிகைக்கு எழுதுங்க. முதல்வர் சார் முன்னாடியே எழுதுங்க. நான் நிக்கிறேன்."

முதல்வர் அவளைப் பார்த்தார், பிறகு தன் பேனாவைத் திறந்து இராமகிருஷ்ணன் பக்கம் தள்ளினார்.