பற்றவைத்த இடம்

“இடது பக்கத்துக்கு ஒரு கிராங்க் மட்டும் வேணும். இருக்கிறதிலேயே குட்டையா...”

மழைக்கு ஒதுங்கியவன் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். சட்டை தோளோடு ஒட்டிக்கிடந்தது. இமை நுனியில் ஒரு துளி, விழலாமா வேண்டாமா என்று நின்றது... அவள் பார்வையைப் பிடுங்கி, வரிசையாக நின்ற புது சைக்கிள்களின் மேல் வைத்தாள்.

பெடலைத் தாங்கும் அந்த இரும்புக் கையை இந்தக் கடையில் தனியாக விற்பதில்லை என்றாள். “முழு சைக்கிளா எடுத்துக்குங்க. எல்லாம் பூட்டி, பிரேக் பாத்துக் கொடுத்துடுவோம். ஏறி உட்காந்து போக வேண்டியதுதான்.”

“ஏற முடிஞ்சா போகமாட்டேனா மேடம்?”

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அப்போதுதான் அவனுடைய இடது காலைக் கவனித்தாள். முழங்கால் பாதிக்கு மேல் மடங்கவில்லை. அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. பழைய சாமான் பெட்டியைத் துழாவி, அந்தக் கால் அதிகம் மடங்கத் தேவையில்லாதபடி, ஒரு குழந்தை சைக்கிளின் குட்டைக் கிராங்கை எடுத்துக் கொடுத்தாள்.

அதன் பிறகு வாரம் தவறாமல் வந்தான். லேத் பட்டறையில் வெல்டிங் வேலை பார்ப்பவன். இரண்டு வருடங்களுக்கு முன் இரும்புப் பாளம் சரிந்து முழங்காலை நசுக்கியிருந்தது. எந்தக் கடை சைக்கிளும் அந்தக் காலுக்கு ஒத்துவராததால் தானே ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தான். அவன் வரும் நாளில் அவள் இரண்டு முறை தலை வாரினாள். ஒரு சைக்கிளுக்கு இத்தனை பேரிங் குண்டா என்று கேட்டால், “ரெண்டு தொலைஞ்சுபோச்சு... அடுத்த வாரமும் ரெண்டு தொலையும்” என்பான்.

ஒரு மாலை, முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கையும் தானே வெல்டிங் வைத்துவிட்டதாகப் பெருமையாகச் சொன்னான். அவள் முகம் வெளுத்துவிட்டது.

“அதை ஓட்டாதீங்க. விட்டுடுங்க.”

ஏன் என்று கேட்டான். அவள் வாய் திறக்கவில்லை. அவனுக்குச் சுருக்கென்று தைத்தது. நொண்டிக்கு எதற்கு இந்த வேலை என்றுதானே நினைக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு, மழையில் நனைந்தபடியே இறங்கிப் போனான்.

மூன்று வாரம் அவன் வரவில்லை. கதவு திறக்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்தாள்... வேறு யாரோ. கடைசியில், மதியச் சாப்பாட்டு நேரத்தில், குடையை எடுத்துக்கொண்டு பட்டறைக்கே போனாள்.

இரும்புத்தூள் படிந்த பெஞ்சில் உட்கார்ந்து, யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள். அவளுடைய அண்ணனுக்கு அப்பா தன் கையாலேயே ஒரு சைக்கிள் கட்டிக் கொடுத்தார். உடைந்த ஃபோர்க்கைப் பற்றவைத்து, பெயிண்ட் அடித்து. பாலத்துச் சரிவில் அந்தப் பற்றவைத்த இடம் விட்டுப்போனது. அண்ணன் இறந்தபோது பத்தொன்பது வயது. அன்றிலிருந்து அப்பா ஒரு ஆணியைக்கூடத் தொட்டதில்லை. சாப்பிடும்போதுகூடத் தன் கைகளையே வெறித்துக்கொண்டிருப்பார். கம்பெனி சைக்கிள் விற்கும் வேலைக்கு அவள் வந்ததும் அதனால்தான்.

அவன் எழுந்தான். சுவரோரம் இருந்த சைக்கிளைக் கவிழ்த்து ஃபோர்க்கைக் கழற்றினான். பற்றவைத்த இடத்திலேயே ரம்பத்தை வைத்து அறுத்தான். இரண்டு துண்டானதும் வெளிச்சத்தில் பிடித்தான். மேலே வழவழவென்றிருந்த வெல்டிங்கின் உள்ளே, கடுகளவு ஒரு ஓட்டை.

அவன் அந்தத் துண்டை அவளிடம் நீட்டினான். “உங்க மேல அவ்வளவு கோவம்... ஆனாலும் நீங்க சொன்னீங்கன்னுதான் இதை ஓட்டல.”

அவள் அந்த ஓட்டையை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தாள்.

“வெளியில இருந்து பாத்தா தெரியல பாருங்க. பத்து வருஷமா வெல்டிங் வைக்கிறேன், எனக்கே தெரியல. உங்க அப்பாவுக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும்? இதை அவர்கிட்ட காட்டணும். நானே வர்றேன்.”

அண்ணன் போன நாளில்கூட, அப்பாவுக்காக அடக்கிக்கொண்டவள் அவள். இப்போது முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவன் காத்திருந்தான்.

“ஃபோர்க்கை உங்க கடையிலேயே வாங்கிக்கிறேன்” என்றான் பிறகு. “ஆனா மத்ததெல்லாம் நான் செஞ்சதுதான். அதை விடமுடியாது...”

“யாருன்னு சொல்லி உங்களை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறது?”

“அதை நீங்கதான் சொல்லணும்.”

“எனக்குப் பயமா இருக்கு. நீங்க அதுல ஏறுற ஒவ்வொரு நாளும் பயப்படுவேன். அது போகாது...” அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “ஆனா நீங்க வராத மூணு வாரம் அதைவிட மோசமா இருந்துச்சு. எனக்கு நீங்க வேணும்.”

அவன் அவசரமாகக் கையைத் துணியில் துடைத்தான். கிரீஸ் போகவில்லை. அவள் அதற்குக் காத்திருக்கவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டாள்.