பாட்டு முடியற வரைக்கும்

மழை விட்ட சாயங்காலம், பஸ் டிப்போ மெக்கானிக் இரண்டு டீப்பாய்களை பைக்கின் பின்னால் கட்டிக்கொண்டு, அக்காவும் தானும் இருந்த மாடி வீட்டுக்குத் திரும்பினார். அக்கா இறந்து போய் இரண்டு மாதம். இத்தனை நாளும் டிப்போ ஓய்வறையிலேயே படுத்துக் கிடந்தார். கதவைத் திறந்தார். அடைபட்ட வீட்டின் புழுங்கிய நெடி. அதற்குள்ளே, மெல்லிசாக, அக்கா இடுப்புக்குத் தேய்க்கிற தைலத்தின் வாடை.

டீப்பாய்கள் மலிவுச் சரக்கு. அழுத்தினால் தூள் உதிர்கிற பலகை. ரெக்கார்ட் பிளேயருக்கு ஸ்டாண்டு செய்ய அது போதும். கால்களைக் கழற்றிவிட்டு, பலகைகளின் மூலைகளில் துளை போட்டு, மரை வெட்டிய நான்கு நீளக் கம்பிகளைச் செருகினார். ஒவ்வொரு பலகைக்கும் மேலும் கீழும் நட்டு போட்டு இறுக்கினார். கீழ்த்தட்டில் ஆம்ப்ளிஃபயர். மேல்தட்டில் கனமான கல் பலகை, அதன்மேல் பிளேயர். கம்பிகளுக்கு அடியில், பஸ் எஞ்சின் அதிராமலிருக்க வைக்கிற ரப்பர் துண்டுகள். ரசமட்டம் வைத்துப் பார்த்தார். குமிழ் நடுவில் வந்து நின்றது.

ஒன்றரை மணி நேர வேலை. இதைத்தான் நாலு வருஷமாக நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப் போட்டிருந்தார்.

அந்த வீட்டுக்கு மரத்தளம். இடுப்பெலும்பு முறிந்த பிறகு அக்கா இடது காலை இழுத்துத்தான் நடப்பாள். அடிக்கு அடி தரை அதிரும், ஊசி குதிக்கும், பாட்டு தாவும். ஒருநாள் எரிந்து விழுந்தார்.

"பாட்டு முடியற வரைக்கும் ஒரு இடமா உக்கார மாட்டியா?"

அன்றிலிருந்து இசைத்தட்டு சுழன்றால் அக்கா நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டாள். "முடிஞ்சிடுச்சாடா தம்பி?" என்று கேட்டுவிட்டுத்தான் வீட்டுச் செருப்பையே மாட்டுவாள்.

கடைசி நாளன்று அக்கா அப்படிக் கேட்கவில்லை. நெஞ்சுவலி மாத்திரை பத்தடி தூரத்தில், சமையலறையில் இருந்தது. இவர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பக்கம் முழுக்கக் கேட்டு முடித்தார். திரும்பிப் பார்த்தபோது அக்காவின் ஒரு காலில் செருப்பு இருந்தது. இன்னொரு கால் பாதிதான் நுழைந்திருந்தது.

ஸ்டாண்டைச் சோதிக்கத் தட்டைச் சுழலவிட்டு, பக்கத்திலேயே இரண்டு தரம் எம்பிக் குதித்தார். ஊசி அசையவில்லை. இனி ஜென்மத்துக்கும் அசையாது.

"இப்ப செஞ்சு என்ன பிரயோஜனம்" என்று முனகிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். ஜன்னலில் வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது.

ஊசி குதித்தது.

எழுந்து நட்டுகளைத் தொட்டுப் பார்த்தார். எல்லாம் இறுக்கமாகவே இருந்தன.

மறுபடியும் குதித்தது. ஒரு அடி. பிறகு நீளமாய் ஒரு இழுப்பு.

தரையில் சத்தமே இல்லை. ஸ்பீக்கருக்குள்தான் கேட்டது.

ஒரு அடி. ஒரு இழுப்பு.

கிட்டே வந்தது.

தைல வாடை மூக்கில் ஏறியது. அவர் சுவரோடு ஒட்டிக்கொண்டார். கூடத்தின் நடுவில், சமையலறைக்குப் பாதி வழியில், அந்த நடை சட்டென்று நின்றது. பாட்டு தடங்கல் இல்லாமல் ஓடியது.

ஏன் நின்றது என்று புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் பயம் போய்விட்டது. அதைவிடக் கொடியது ஒன்று வந்தது.

பாட்டு முடியட்டும் என்று காத்து நிற்கிறாள்.

"அக்கா..." என்றார். "பாட்டு கெடக்குது. நிக்காத. நீ பாட்டுக்கு நட, அக்கா."

பிறகு ஊசி தாறுமாறாகக் குதிக்க ஆரம்பித்தது. பாட்டு துண்டுதுண்டாய்ச் சிதறியது. அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். பிளேயரை மட்டும் நிறுத்தவில்லை.

யாரோ கதவைத் தட்டினார்கள். போன வாரம் கீழ் வீட்டுக்குக் குடிவந்த பெண், இடுப்பில் குழந்தையோடு நின்றாள்.

"தப்பா நினைச்சுக்காதீங்க சார். யாரோ காலை இழுத்து இழுத்து நடக்கற சத்தம். உடம்பு முடியாதவங்களோ என்னவோன்னு பார்க்க வந்தேன்."

"எங்கக்கா," என்றார். "இப்பத்தான் நடக்க ஆரம்பிச்சிருக்காங்க."

அவள் அவர் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"ஐயோ, என்னைப் பார்த்து நின்னுடாதீங்கம்மா," என்றாள். "நீங்க நடங்க."